கல்லில் விட்ட இடம்

1

அக்டோபர் கடைசி வந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேய்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த வருடம் நாற்பத்தேழு. நான் வேலை பார்ப்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், கடற்காகங்களும் மழையும் மட்டும் குறைவில்லாமல் கிடைக்கும் ஒரு சின்ன ஊரில். அங்குள்ள பள்ளியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். “வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நீ இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கியாக்கும்” என்று முத்தையாபுரத்தில் இருக்கும் என் மதினி இன்றைக்கும் சிரிப்பாள். அவள் சிரிப்பதில் தப்பே இல்லை. எனக்கே சில நாள் காலையில் சிரிப்பு வரும்.

ஹாலோவீன் சமயத்தில் பிள்ளைகள் ஒரு பயங்கரக் கதை எழுத வேண்டும், அல்லது சித்திரக்கதை வரைய வேண்டும். அதற்கு மதிப்பெண் போட ஒரு அட்டவணை தருவார்கள். சூழல், பாத்திரம், கட்டங்களின் ஒழுங்கு, முடிவு, கடைசியாகப் பயம். பயத்துக்கு ஒன்று முதல் நான்கு வரை. நான் படித்த பள்ளியில் கட்டுரைக்கு மதிப்பெண் என்றால் கையெழுத்துக்கும் ஓரம் விட்டு எழுதியதற்கும்தான். பயப்படும் வேலையை நாங்கள் பார்த்துக்கொண்டோம், டீச்சர் பயப்பட வேண்டியதில்லை. இங்கே டீச்சர் பயந்து, எவ்வளவு பயந்தோம் என்று எண்ணில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

என் சங்கடம் என்னவென்றால் எனக்குப் பயம் வருவதில்லை. நாற்பத்தேழு பேரில் முப்பது பேராவது கல்லறைத் தோட்டத்தில்தான் கதையைத் தொடங்குகிறார்கள். மூடுபனி, சாய்ந்த சிலுவை, மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை. கல்லறைத் தோட்டம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது மெழுகு உருண்டை.

ஊரில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அப்பா சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு தாத்தாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்கக் கிளம்பிவிடுவார். திருநாள் அன்றைக்குச் சாயந்தரம் சம்பங்கி மாலை, செவ்வந்தி, மெழுகுவத்திக் கட்டுகளோடு குடும்பமாகப் போவோம். மதில் ஓரத்தில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு நிற்பார். பெரியவர்கள் ஜெபம் பண்ணும்போது நானும் சாம் அண்ணனும் கல்லறை கல்லறையாகப் போய், உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி உருண்டை பிடிப்போம். யார் உருண்டை பெரிது என்று அடிதடி நடக்கும். எங்களுக்குத் தெரிந்த செத்தவர்கள் யாரும் எழுந்து வரவில்லை. வந்திருந்தால் அம்மா அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு முறுக்கு கொடுத்திருப்பாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரளவில்லை. அதனால் பாவம் அந்தப் பிள்ளைகளுக்குப் பயத்துக்கு எப்போதும் இரண்டுதான்.

2

இந்த வருடம் கொஞ்சம் அதிகமாகவே வாயைத் திறந்துவிட்டேன்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு வகுப்பு. கல்லறையையே எல்லோரும் எழுதாதீர்கள், அது பயப்பட வேண்டிய இடம் இல்லை என்று சொல்ல வந்தவள், எங்கள் ஊர்க் கதையைச் சொல்லத் தொடங்கினேன். ஒன்பது வருடம் முன்னால் அப்பா இறந்தபோது குடும்பக் கல்லறைக்குப் புதிதாகக் கறுப்புக் கல் பதித்தோம். பேர் வெட்ட வந்த சுடலைமுத்து அண்ணாச்சி, “கீழ எம்புட்டு எடம் விடணும்?” என்று கேட்டார். அம்மா தனக்கு ஒரு வரி விடச் சொன்னாள். இரண்டு மாதத்தில் நான் விமானம் ஏறப்போகிற சமயம் அது. “அண்ணாச்சி, எனக்கும் ஒரு வரி விட்டுருங்க. எங்க போனாலும் கடைசியில இங்கனதான் வருவேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் பென்சிலால் அளந்து குறித்துக்கொண்டார்.

அந்த ஒரு வரி இடம் இன்னும் அங்கே இருக்கிறது என்று வகுப்பில் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். ஊரில் வீட்டுமனை வாங்கிப் போட்டிருப்பவர் சொல்வாரே, அந்த மாதிரி.

ஆய்லா என்கிற பெண் மெல்லக் கையைத் தூக்கி, “மிஸஸ் தங்கராஜ், அந்தக் கல் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறதா?” என்று கேட்டாள்.

தங்கராஜ் என் அப்பா பெயர். நான் கிரேஸ். ஊரில் எனக்குத் தலைப்பெழுத்து மட்டும்தான் உண்டு. இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் படிவம் நகராது என்றார்கள், அப்பா பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பள்ளியில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

மறுநாள் ஒரு தாயாரிடமிருந்து மின்னஞ்சல். அதற்கு மறுநாள் துணைத் தலைமையாசிரியரின் அறை. நல்ல மனிதர். ஒரு படிவத்தை நீட்டினார். வகுப்பில் பேசிய விஷயம், பிள்ளைகள் மனநிலையில் அதன் விளைவு, இனி எடுக்கப்போகும் நடவடிக்கை. எழுதிக் கொடுத்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? பேச யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டு, ஆலோசகர் ஒருவரின் தொலைபேசி எண்ணை மஞ்சள் சீட்டில் எழுதித் தந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தால் கண்ணாடியில் அழுதுகொண்டிருந்தேன். பேச யார் இருக்கிறார்கள்? கணவர் ஸ்டீபனுக்குக் கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை, மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் வீட்டில். இருந்த ஒருத்தி அம்மா. அவள் பிப்ரவரியில் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில் என் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்காக அலுவலகத்தில் இருந்தது. அவசரம் என்று கேட்டேன். அவசரத்துக்கு ஒரு தனிப் படிவம் இருந்தது. இறப்புச் சான்றிதழை இணைக்கச் சொன்னார்கள். சான்றிதழ் வர அங்கே நாலு நாள், படிவம் நகர இங்கே ஒரு வாரம். பாஸ்போர்ட் வந்தபோது அம்மாவைக் குழியில் வைத்துப் பதினோரு நாள் ஆகிவிட்டது. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். அண்ணன் மகன் கை ஆடியதால் பாதி நேரம் வானத்தைத்தான் பார்த்தேன்.

நான் வகுப்பில் சொன்ன கல் கதையும் அதற்கு எழுதிக் கொடுத்த படிவமும் பள்ளி முழுக்கப் பரவியிருக்கும். என் மகள் ரூபியும் அங்கேதான் படிக்கிறாள். பெற்ற பிள்ளைக்குத் தாயே பாடம் நடத்தக் கூடாது என்பதால் அவள் மொய்ரா டீச்சர் வகுப்பு. வீட்டில் அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பிள்ளையும் இல்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் இந்த ஊர் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்வாள், அறைக்கதவு சாத்திக்கொள்ளும். மூன்று வயதில் இங்கே வந்தவள். தமிழ் எழுத்துகளை எட்டு வயது வரை பிடித்து வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு நீச்சல், பிறகு வயலின், அதற்குப் பிறகு எனக்கே சலிப்பு வந்துவிட்டது.

3

மதிப்பெண்ணில் பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்று இங்கே ஒரு வழக்கம் உண்டு. நான் திருத்தியதில் பத்தை மொய்ரா பார்ப்பாள், அவள் திருத்த வேண்டியதில் பத்தை நான் பார்ப்பேன். பெயர் இருக்கும் இடத்தில் எண் ஒட்டியிருக்கும். சொந்தக்காரப் பிள்ளையின் தாள் வந்தால் உடனே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மொய்ராவுக்கு அறுபது வயது இருக்கும். கறாரான கை. ஊரில் பிறந்திருந்தால் டீச்சராக இருந்த எங்கள் அம்மாவோடு பரீட்சைத் தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருப்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். எண் முப்பத்தொன்று ஒரு சித்திரக்கதை. ஒரே பக்கம், ஆறு கட்டம்.

முதல் கட்டத்தில் ஒரு சமையலறை. ஒரு பெண்ணின் முதுகு. இரண்டாவதில் அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த ஒரு போன், அதன் திரையில் ஒரு கறுப்புக் கல். கல்லின் மேல்பகுதியில் எழுத்து, அடியில் வெறுமை. மூன்றாவது கட்டத்தில் அந்தப் பெண் சிரிக்கிறாள். அவள் கைக்கடிகாரம் மணிக்கட்டின் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. வாயருகே பேச்சுக் குமிழி. குமிழிக்குள் தமிழில், கோணல் மாணலாக, ‘எனக்கு இடம் இருக்கா?’

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். உள்பக்கம்தான் இருந்தது.

அப்போதே தாளை மொய்ராவிடம் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. உரலுக்குள் தலையை விட்டாயிற்று. நாலாவது கட்டத்தில் கதவோரம் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். ஐந்தாவதில் சமையலறையில் அம்மா இல்லை, நாற்காலி காலி, கைக்கடிகாரம் மேசைமேல் கிடக்கிறது. போனில் கல் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் போனுக்கு முன்னால் நின்று கல்லைக் கேட்கிறாள், அதே எழுத்தில், அதே கேள்வியை. ஆறாவது கட்டம் வெறும் கட்டம். ஒரு கோடுகூட இல்லை.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான் அண்ணனை அழைப்பேன். கல்லைக் காட்டச் சொல்வேன். “எனக்கு இடம் இருக்கா?” என்று கேட்பேன். “இருக்குளா, ஒருத்தரும் தூக்கிட்டுப் போகல” என்பான். இருவரும் சிரிப்போம். ஒன்பது வருடம் அப்படிச் சிரித்தேன். கதவோரத்தில் ஒரு பிள்ளை நின்று அதைக் கேட்டுக்கொண்டு வளர்ந்ததை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது.

“இது என் மகளுடையது” என்று தாளை மொய்ராவிடம் கொடுத்தேன்.

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். “கட்டங்கள் நன்றாக இருக்கின்றன. பேய் எங்கே? கடைசிக் கட்டத்தை முடிக்கவே இல்லை. முடிவுக்கு ஒன்று, பயத்துக்கு இரண்டு.” பென்சிலை வைத்துவிட்டு, “இது உங்கள் மொழி எழுத்துதானே? என்ன எழுதியிருக்கிறாள்?” என்று கேட்டாள்.

“எனக்கு இடம் இருக்கா என்று கேட்கிறார்கள். அம்மாவும் கேட்கிறாள். பிறகு மகளும் கேட்கிறாள்” என்றேன்.

மொய்ரா மறுபடி தாளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தக் கல் எது என்று அவளுக்குத் தெரியும், என் படிவம் அவள் மேசை வழியாகத்தான் போயிருந்தது. பயத்துக்குப் போட்ட இரண்டை அடித்துவிட்டு நான்கு போட்டாள். முடிவுக்குப் போட்ட ஒன்றை மாற்றவில்லை. “முடிவு இல்லைதானே, கிரேஸ்” என்றாள். ஆறு வருடத்தில் அன்றுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

4

நான் அதைப் பார்த்தேன் என்று ரூபியிடம் சொல்ல முடியாது. மதிப்பெண் வெளிவரும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை தோசை ஊற்றினேன். இரண்டு சாப்பிட்டாள். “ஸ்கூல் எப்படிப் போகுது?” என்றேன். “ஃபைன்” என்றாள். வாரம் முழுவதற்கும் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நவம்பர் இரண்டு. அங்கே மாலை நாலரை என்றால் எனக்குக் காலை பதினொன்று. ஜன்னலில் மழை. அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

அண்ணன் முகம் வந்தது. பின்னால் ஜனம், பூ, புகை, தூரத்தில் துறைமுகத்து கிரேன்களின் தலை. அப்பா முப்பது வருடம் அந்த கிரேன்களில் ஒன்றைத்தான் ஓட்டினார்.

“ஏளா கிரேஸ், தெரியுதா? நெட்டு சரியில்ல. இந்தா பாரு, அம்மா பேரு” என்று போனைத் திருப்பினான்.

கறுப்புக் கல். அப்பாவின் பெயர். அதற்குக் கீழே அம்மா பெயர், புதிதாக வெட்டிய எழுத்து வெள்ளை வெளேரென்று. பெயரை அந்த மாதிரிப் பார்த்தபோதுதான் அம்மா செத்துப்போனாள் என்று எனக்குப் பட்டது. பிப்ரவரியில் பார்த்தது வானத்தை.

கல்லின் பக்கத்தில் சுடலைமுத்து அண்ணாச்சி குந்தியிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. இந்த மாதம் அவருக்குக் கை ஒழியாது. முந்தின வாரமே வரவேண்டியவர், மழையால் தள்ளித் தள்ளி அன்றைக்குத்தான் வந்திருக்கிறார்.

“அண்ணாச்சி ஒண்ணு கேக்குதாரு” என்றான் அண்ணன். “அப்பா எப்பவும் சொல்லுத வேத வசனம் இருக்குல்லா, அதப் போடணும்னு அம்மாவுக்கு ஆசை. கீழ ஒரு வரிதான் மிச்சம். வசனம் வெட்டுனா அதோட சரி. இல்ல, உனக்குத்தான் விடணும்னா விட்டுருவோம். நீ சொல்லுததுதான்.”

அண்ணாச்சி போன் பக்கம் திரும்பி, “தாயி, ஒம்போது வருசமா ஒங்களுக்குன்னு குறிச்சு வச்ச எடம். நீங்க சொல்லாம உளி வைக்க மாட்டேன்” என்றார்.

அந்த ஒரு வரிதான் எனக்கு ஊரில் மிச்சமிருந்த இடம். வீடு அண்ணனுக்கு என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அங்கே இருந்த என் சாமான்களும் போய்விட்டன. இங்கே மழையில் நனைந்து பேருந்துக்கு நிற்கும்போது, படிவத்தில் பிறந்த ஊர் என்று எழுதும்போது, கடையில் யாரும் என்னோடு பேசாத நாட்களில், அந்த வரியை நினைத்துக்கொள்வேன். எவ்வளவு தனியாக இருந்தாலும் கடைசியில் அப்பா அம்மா காலடியில் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்பது ஒரு தைரியம். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்பது வருடத்தை ஓட்டினேன்.

திரும்பிப் பார்த்தேன். ரூபி கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் படத்தில் வரைந்த அதே இடம். அவள் எப்போதும் நின்ற இடம் அதுதான் போலிருக்கிறது.

“வசனத்த வெட்டச் சொல்லுண்ணே” என்றேன்.

“என்னளா சொல்லுத? நல்லா யோசிச்சியா?” அண்ணன் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினான். “நீதான வருசா வருசம் கேட்ட. அப்ப நீ இங்கன வரமாட்டியா?”

“வருவேன்ணே. லீவுக்கு வருவேன். வெள்ளையடிக்க வருவேன்.” “கடைசிக்கு ரூபி இருக்குத ஊர்லயே இருந்துக்கிடுதேன். அவ வந்து பாக்கணும்லா.”

அந்தப் பக்கம் ஜெபம் முடிந்து பாட்டு தொடங்கியது. அண்ணன் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. போனை மறுபடி கல் பக்கம் திருப்பினான். அண்ணாச்சி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அன்றைக்குக் குறித்து வைத்த இடத்தை விரலால் துடைத்துவிட்டு உளியை எடுத்தார்.

“என்ன செய்கிறார்?” என்று ரூபி ஆங்கிலத்தில் கேட்டாள்.

“எழுதுதாரு.”

“உன் பெயரையா?”

“இல்ல. என் பேரு அங்க வராது.”

அவள் கதவை விட்டு வந்தாள். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்லை உற்றுப் பார்த்தாள். அவள் கை தன்பாட்டுக்கு மெழுகுவத்தியின் அடிக்குப் போய், வழிந்து உறைந்த மெழுகைச் சுரண்டி விரல்களுக்கு நடுவே உருட்டத் தொடங்கியது. அவளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

டக், டக், டக். அந்தச் சின்ன போனுக்குள்ளிருந்து உளிச் சத்தம் சமையலறை முழுக்கக் கேட்டது. முதல் எழுத்து. இரண்டாவது எழுத்து. என் வரி இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டு போனது. நடுவில் ஒரு தடவை, போதும், நிறுத்துங்கள் என்று கத்த வாயெடுத்தேன். நாற்பத்தேழு கதைகளுக்கும் வராதது அப்போது வந்தது. நான் செத்தால் இந்த மழைக்குள், பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத ஊரில், யாரென்றே தெரியாதவர்களுக்கு நடுவில். மெழுகு இல்லை, ஐஸ்காரர் இல்லை, அண்ணன் இல்லை.

ரூபி என் முகத்தைப் பார்த்தாள்.

“பயமா இருக்காம்மா?” என்றாள். தமிழில்.

“ஆமா” என்றேன்.

நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.